சில்க்கி கோழியின் நட்டத்தைத் தங்கம் மறைக்கிறது

கேள்வி: வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன், மாதம் 9,000 ரூபாய் வருகிறது. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஆசையாக, பஞ்சு போன்ற இறகுள்ள சில்க்கி என்ற அலங்காரக் கோழி 4 வாங்கி ஆரம்பித்தேன். இன்று 30 பெட்டை, 6 சேவல். இதற்காக 5 பவுன் ஆரத்தையும் 3 பவுன் சங்கிலியையும் தனித்தனி ரசீதில், 18 சதவீத வட்டிக்குத் தனியார் நிதி நிறுவனத்தில் வைத்திருக்கிறேன். முதலில் 1,50,000 வாங்கினேன். திருப்பி வைத்தபோது 2,10,000, இந்த வருடம் 2,80,000. ஒரு வருடத்தில் 46 கோழி விற்றேன். ஜோடி 2,500க்குப் போனது, இப்போது 1,200தான். இதற்கிடையில் நாத்தனார், பிரம்மா, கொச்சின் என்ற பெரிய அலங்காரக் கோழி ஜோடிகளைக் கொடுத்துக் குஞ்சுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒரு பண்ணைத் திட்டத்தில் சேரலாம் என்று, மகள் படிப்புக்கு வைத்திருக்கும் 1 லட்சம் டெபாசிட்டைக் கேட்கிறார். மறுத்தால் மனத்தாங்கல் வரும். என்ன செய்வது?
- திண்டுக்கல் மாவட்ட வாசகி

பதில்: கோழி வளர்ப்பது உங்களுக்குத் தெரியும். அதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. கெடுப்பது ஒரே பழக்கம்தான்: தங்கம் விலை ஏறும்போதெல்லாம் அதே நகையைத் திருப்பி வைத்துக் கூடுதல் பணம் வாங்குவது.

கடைசியாக வைத்தபோது 70,000 கூடுதலாகக் கிடைத்தது. அதில் பழைய கடனுக்கான வட்டியே சுமார் 38,000. கையில் வந்த 32,000 புது ஜோடிக்கும் முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்கும் போயிருக்கும். ஆக, வட்டி என்று உங்கள் வருமானத்திலிருந்து ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. அசலில் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறீர்கள்.

இந்த வருடத்தைத் தோராயமாகப் பார்ப்போம். ஒரு சில்க்கி நாளுக்கு 65 கிராம் தின்னும் என்றால், 36 கோழிக்கு மாதம் 70 கிலோ. கிலோ 36 என்று வைத்தால் 2,500 ரூபாய், வருடத்துக்கு 30,000. விற்கும் 46 குஞ்சுகளை ஐந்து மாதம் வளர்க்கத் தலைக்கு 200 வீதம் 9,200. வட்டி 50,400. மொத்தம் சுமார் 90,000. வரவு, இன்றைய விலையில் 46 கோழிக்கு 27,600. பள்ளம் 62,000. இதைத்தான் ஒவ்வொரு முறையும் தங்கம் நிரப்புகிறது. தங்கம் ஒரு வருடம் ஏறாமல் நின்றாலே ஏலக் கடிதம் வரும்.

46 கோழி விற்க 30 பெட்டை எதற்கு? வெள்ளை, கறுப்பு, பழுப்பு என்று நிறத்துக்கொரு கூண்டு, ஒரு சேவல் என்று பெருக்கியிருப்பீர்கள். ஒரு பெட்டை வருடத்துக்கு 100 முட்டை வரை இடும். கருக்கூடாதது, பொரியாதது, சாவு எல்லாம் போக 15 குஞ்சு தேறினால்கூட 6 பெட்டைக்கு 90 குஞ்சு ஆயிற்று. நல்ல 6 பெட்டை, 2 சேவலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தீவனம் மாதம் 560க்கு இறங்கிவிடும்.

மீதி 28 கோழியை மழைக்கு முன் விற்றுவிடுங்கள். சில்க்கியின் இறகு தண்ணீரை வழியவிடாது. ஒருமுறை நன்றாக நனைந்தால் குளிர் தாக்கி விழும், விற்கவும் ஆகாது. ஜோடி விலைக்குக் காத்திருக்க வேண்டாம், தலைக்கு 350 கிடைத்தாலும் 9,800. இன்குபேட்டரும் போகட்டும். சில்க்கியைவிட நன்றாக அடைகாக்கும் கோழி எங்கே இருக்கிறது? சிறுவிடை என்ற நாட்டுக்கோழியின் முட்டை ஆறேழு வைத்துப் படுக்க விட்டால் 21 நாளில் பொரித்துவிடும். நாட்டுக்கோழிக்கு எடைக்கு விலை உண்டு. நிறம் பார்த்து வாங்கும் ஆளைத் தேட வேண்டாம்.

வைத்திருக்கும் சில்க்கிகளில் பின்பக்க இறகைக் கத்தரித்துவிடுங்கள். அந்த அடர்த்தியால்தான் பல முட்டை கருக்கூடாமல் போகிறது. மூன்று மாதக் குஞ்சை ஜோடி என்று விற்காதீர்கள். இந்த இனத்தில் சேவலா பெட்டையா என்று தெளிய ஐந்தாறு மாதம் ஆகும். இரண்டும் சேவலாகிவிட்டால் வாங்கியவர் திரும்ப வந்து நிற்பார்.

இப்போது அந்த 1 லட்சம். டெபாசிட்டில் 7 சதவீதம் வாங்கிக்கொண்டு, கடனுக்கு 18 கொடுக்கிறீர்கள். லட்சத்துக்கு வருடம் 11,000 ஒழுகுகிறது. டெபாசிட்டை உடைத்துச் சங்கிலியை மீட்டுவிடுங்கள். பவுன் கணக்கில் அதன் மேல் 1,05,000 கடன் இருக்கும். குறையும் தொகைக்கும் சேர்ந்த வட்டிக்கும் கோழி விற்ற பணத்தைப் போடுங்கள். மகளுக்கான சேமிப்பு இனி அந்தச் சங்கிலி. அவசரம் என்றாலும் அது இருக்கிறது.

ஆரத்தின் மேல் மிஞ்சும் 1,75,000ஐப் பொதுத்துறை வங்கிக்கோ கூட்டுறவு வங்கிக்கோ மாற்றுங்கள். 9.5 சதவீதம் என்றால் வட்டி மாதம் 1,400. மேனேஜர் "இன்னும் 80,000 தரலாம்" என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். தீவனத்தில் மிஞ்சும் 1,940, குஞ்சு விற்பதில் 1,000, தையலில் 2,500 என மாதம் 5,440 கட்டினால் மூன்று வருடம் சொச்சத்தில் ஆரம் வீட்டுக்கு வரும்.

நாத்தனார் சொல்லும் திட்டத்தில் சேராதீர்கள். பெருந்துறை ஈமு பண்ணைகளும் இதே "வளர்த்துக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம்" பேச்சில்தான் பணம் திரட்டின. 2012இல் மூடிவிட்டுப் போனபோது பறவைகள் தீவனமின்றிச் செத்தன. பிரம்மாவுக்கும் கொச்சினுக்கும் இதைவிடப் பழைய கதை உண்டு. 1849இல் பாஸ்டனில் நடந்த கோழிக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவில் இவற்றின் விலை வெறி பிடித்தது போல ஏறியது. 1852இல் ஜார்ஜ் பர்ன்ஹாம் என்ற வியாபாரி விக்டோரியா ராணிக்கே பிரம்மா கோழிகளை அனுப்பி விளம்பரம் தேடினார். 1855க்குள் விலை சரிந்துவிட்டது. வளர்ப்பவர்களே ஒருவருக்கொருவர் விற்றுக்கொண்டிருக்கும்வரைதான் ஜோடி விலை நிற்கும். உங்கள் சில்க்கி 2,500லிருந்து 1,200க்கு வந்ததும் அதனால்தான். பிரம்மா சில்க்கியைவிட இரு மடங்கு தின்னும், கால் இறகில் சேறு ஒட்டும், திண்டுக்கல் வெயிலில் மூச்சு வாங்கும்.

நாத்தனாரிடம் திட்டத்தைப் பற்றி வாதாட வேண்டாம். சங்கிலியை மீட்ட ரசீதைக் காட்டி, "அண்ணி, டெபாசிட் இதற்குப் போய்விட்டது" என்று சொல்லுங்கள். இதை உங்கள் கணவரே தன் வாயால் சொன்னால் இன்னும் நல்லது. டெபாசிட்டை உடைப்பதையும் சங்கிலியை மீட்பதையும் ஒரே நாளில் முடியுங்கள். ஒரு வாரம் பணம் கையில் இருந்தால் கேட்க ஆள் வரும்.