பழைய 486 கணினியில் "மெமரி போதவில்லை", "டிஸ்கில் இடமில்லை" என்று மாறி மாறி வந்தால் என்ன செய்வது?

நீங்கள் கேட்டது இது: 486 கணினி, 16 எம்பி ராம், டாஸ் 6.22 (கட்டளை அடித்து இயக்கும் பழைய இயங்குதளம்), அதன்மேல் விண்டோஸ் 3.1. கேமைத் திறந்தால் மெமரி போதவில்லை என்கிறது, ஏதாவது நிறுவப் போனால் டிஸ்கில் இடமில்லை என்கிறது, ஆனால் டிஸ்கில் பாதிக்கு மேல் காலி. கூடுதல் ராம் வாங்கிப் போடலாமா?

வேண்டாம், இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கணினியைப் போட்டதும் திரையில் மெமரி எண்ணிக்கை ஓடுமே, அது 16 எம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றால் ராம் நன்றாகவே இருக்கிறது. குறைவாக நின்றால் மட்டும் சிம் (SIMM) எனப்படும் ராம் அட்டைகளைக் கழற்றி, அதன் விளிம்பை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து மறுபடி அழுத்திப் பொருத்துங்கள்.

டாஸ் புரோகிராம்களில் பெரும்பாலானவை முதல் 640 கேபிக்குள்தான் ஓடும். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 சிப்பால் மொத்தமே 1 எம்பி வரைதான் எட்ட முடிந்தது, அதிலும் மேல்பகுதி வீடியோவுக்கும், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸுக்கும் போய்விட மிஞ்சியது இந்த 640. ராமை 64 எம்பி ஆக்கினாலும் இந்தக் கோடு நகராது. "மெம் /சி /பி" (MEM /C /P) என்று கட்டளை கொடுத்துப் பாருங்கள். மவுஸ் டிரைவர், சிடிராம் டிரைவர், டிஸ்க் வேகத்தைக் கூட்டும் ஸ்மார்ட்டிரைவ் ஒவ்வொன்றும் எத்தனை கேபி பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும், கடைசியில் ஓடக்கூடிய மிகப் பெரிய புரோகிராமின் அளவு வரும். அது 520 என்றிருந்தால் 580 கேட்கும் கேம் ஓடாது, அவ்வளவுதான் விஷயம்.

டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் முதலில் மெமரியை நிர்வகிக்கும் ஹைமெம்.சிஸ், அடுத்து ஈஎம்எம்386, அப்புறம் "டாஸ்=ஹை,யுஎம்பி" (DOS=HIGH,UMB) வரி இருக்க வேண்டும். டாஸ் 640 கேபிக்கு மேலே ஏறினாலே 45 கேபி அளவுக்குக் கிடைத்துவிடும். மற்ற டிரைவர்களை "டிவைஸ்ஹை" (DEVICEHIGH), "எல்ஹெச்" (LH) போட்டு மேலே அனுப்புங்கள். ஈஎம்எம்386 வரியில் "நோஈஎம்எஸ்" (NOEMS) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈஎம்எஸ் என்ற வகை கூடுதல் மெமரியைக் கேட்கும் கேம்கள் அந்தச் சொல் இருந்தால் மெமரி இல்லை என்றுதான் சொல்லும், அங்கே "ராம்" (RAM) என்று மாற்றினால் போதும்.

விண்டோஸ் 3.1-க்குள் வரும் மெமரி எர்ரர் வேறு ரகம். ஜன்னல்கள், ஐகான்கள், ஃபான்ட்கள் போன்றவற்றுக்கு அது ஒதுக்கியிருப்பது தலா 64 கேபி உள்ள சில சின்னப் பகுதிகள்தான். புரோகிராம் மேனேஜரின் ஹெல்ப் மெனுவில் அபவுட் போனால் சிஸ்டம் ரிசோர்சஸ் எத்தனை சதவீதம் மிச்சம் என்று தெரியும். மிகவும் இறங்கியிருந்தால் திறந்திருப்பதை மூடுங்கள், மூடியும் ஏறவில்லையென்றால் விண்டோஸிலிருந்து வெளியேறி மறுபடி தொடங்குங்கள்.

டிஸ்க் பக்கம் நான் முதலில் சந்தேகப்படுவது தற்காலிக ஃபைல்கள் போகும் டெம்ப் ஃபோல்டரை. "செட்" (SET) என்று அடித்தால் டெம்ப் எங்கே போகிறது என்று காட்டும். பல பழைய கணினிகளில் அது ஒரு குட்டி ராம் டிரைவுக்கோ (ராமின் ஒரு பகுதியை டிஸ்க் போல வைத்திருப்பது), எப்போதோ அழித்துவிட்ட ஃபோல்டருக்கோ போகும். நிறுவி தன் ஃபைல்களை அங்கே விரிக்கப் பார்த்து, முடியாமல், இடமில்லை என்று சொல்லும், நீங்களோ சி டிரைவில் காலி இடத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். டாஸ் தொடங்கும்போது ஓடும் ஆட்டோஎக்ஸெக்.பேட் ஃபைலில் அந்த டெம்ப் வரியை மட்டும் சி டிரைவின் ஒரு ஃபோல்டருக்கு மாற்றி, அந்த ஃபோல்டர் நிஜமாகவே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது ரூட் டைரக்டரி, அதாவது எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாத டிஸ்கின் முதல் நிலை. டாஸ் பயன்படுத்தும் ஃபேட்16 முறையில் உள்ள ஹார்ட் டிஸ்கில் அங்கே வழக்கமாக 512 பதிவுகளுக்குத்தான் இடம், நிரம்பிவிட்டால் டிஸ்க் முழுக்கக் காலியாக இருந்தாலும் அங்கே புது ஃபைல் உருவாகாது. டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் ஸ்கேன்டிஸ்க் விட்டுவைத்த சிஹெச்கே (.CHK) ஃபைல்கள் அங்கேதான் குவியும், தேவையில்லாததை அழித்துவிடுங்கள். பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்த பகுதி) 1 ஜிபிக்கு மேல் இருந்தால் ஒரு பைட் ஃபைலும் 32 கேபி பிடிக்கும், அதனால் குட்டி ஃபைல்கள் நிறைய இருந்தால் இடம் கணக்கில் வராமல் கரையும். பிரித்துச் சின்ன பார்ட்டிஷன்களாக வைப்பது நல்லது.

டிஸ்கின் அளவே சில நாள் சரியாகவும் சில நாள் தப்பாகவும் தெரிந்தால் பயாஸ் செட்டிங்குகளைக் காத்துவைக்கும் சீமாஸ் பேட்டரி போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். தயவுசெய்து இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: போர்டில் உருளை வடிவ பேட்டரி சாலிடர் செய்யப்பட்டிருந்தால் அது கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும், அப்புறம் எந்த செட்டிங்கும் உதவாது. பயாஸில் டிஸ்கின் அளவைச் சொல்லும் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை எழுதி வைத்துக்கொண்டு, டிஸ்கை அப்படியே ஒரு பிரதி எடுத்துவிட்டு, அந்தப் பேட்டரியை முதலில் கழற்றுங்கள்.