ஜாலியன்வாலா பாக் பாடத்துக்குப் பின் தூங்காத குழந்தை

கேள்வி: மகளுக்கு 9 வயது. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். பத்து நாள் முன்பு, ஒரு மாலையில் ஜாலியன்வாலா பாக் படுகொலை பற்றி வீடியோ போட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறாள். விடியற்காலையில் அழுதுகொண்டே எழுந்து கனவைச் சொல்கிறாள். இந்தப் பாடத்தையே விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். அம்மாவே மூடி மறைக்கும் அளவுக்குப் பயங்கரம் என்று குழந்தை எடுத்துக்கொண்டால் பயம் கூடத்தான் செய்யும்.

முதலில் தூக்கம். விடியற்காலையில் எழுந்து கனவைச் சொல்கிறாள் என்றால் அது வெறும் கெட்ட கனவு, மருந்து தேவையில்லை. (படுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அலறி, காலையில் ஒன்றுமே ஞாபகம் இல்லை என்றால் அது வேறு விஷயம். எழுப்பாமல், விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.) பகலில் அந்தக் கனவை வரையச் சொல்லி, முடிவை அவள் இஷ்டப்படி மாற்றச் சொல்லுங்கள். அந்த மைதானத்தைச் சூழ்ந்த சுவரை இடிக்க யானை வந்தாலும் சரிதான். மாற்றிய கனவைத் தினமும் பகலில் பத்து நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்கட்டும். படுக்கப் போகும்போது இந்தப் பேச்சே வேண்டாம்.

எந்த இடம் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பெற்றோர் நினைக்கும் இடமாக இருக்காது. துப்பாக்கியைவிட, வெளியே ஓட வழியில்லை என்பதுதான் சில குழந்தைகளை உலுக்கும்.

தூக்கம் சீரானதும் பாடத்தைக் காலை நேரத்தில், 20 நிமிடத்துக்கு மேல் போகாமல் நடத்துங்கள். வீடியோ கூடாது, ஓலமும் பின்னணி இசையும்தான் மனதில் ஒட்டிக்கொள்கின்றன. முடிவை முதலில் சொல்லிவிடுங்கள்: நூறு வருடத்துக்கு முன்பே முடிந்தது, விசாரணை நடந்தது, சுட உத்தரவிட்ட ஜெனரல் டயர் பதவியை இழந்தார், தாகூர் 'சர்' பட்டத்தைத் துறந்தார். பிறகு விசாரணையின்றிச் சிறையில் அடைக்க வழிசெய்த ரௌலட் சட்டம், அதை எதிர்த்த தலைவர்கள் சத்யபால், கிச்சலு கைது, 1919 ஏப்ரல் 13 வைசாகிக் கூட்டம். சுட்டார்கள், நிறையப் பேர் இறந்தார்கள் என்பது இந்த வயதுக்குப் போதும். சுட்ட 1650 ரவுண்டும், மக்கள் குதித்த கிணறும் 12 வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

'நீ அங்கே இருந்திருந்தால்?' என்ற பயிற்சிக் கேள்வியை அடித்துவிடுங்கள். இளகிய மனக் குழந்தை நிஜமாகவே அங்கே போய் நின்றுவிடும். 'நமக்கும் நடக்குமா?' என்று கேட்டால் உண்மையான பதிலை ஒருமுறை நிதானமாகச் சொல்லுங்கள். இருபது முறை சமாதானம் சொன்னால் இருபத்தோராவது முறையும் கேட்பாள்.

ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால், அல்லது நின்றுபோன படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பினால், சாப்பாட்டையோ வெளியே போவதையோ தவிர்த்தால், குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனடி ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் மனநல உதவி இலவச எண்: 14416.