கோர்ட்டில் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஐந்தாறு பேர் எங்கள் ஊர் கோர்ட்டில் நடப்பதை வாராவாரம் பார்த்து, மக்களுக்கு எழுதிச் சொல்ல நினைக்கிறோம். வழக்கில் சம்பந்தமில்லாதவர்கள் உள்ளே உட்காரலாமா? எழுதினால் அவமதிப்பு வழக்கு வருமா?

பதில்: தாராளமாக உட்காரலாம், முன் அனுமதி தேவையில்லை. கிரிமினல் வழக்குக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 366-வது பிரிவும், சிவிலுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 153-பி பிரிவும், இடமிருக்கும் வரை பொதுமக்கள் வரலாம் என்றே சொல்கின்றன. ஆனால் வெளியே போகச் சொல்லும் அதிகாரமும் நீதிபதிக்கு உண்டு. சொன்னால் மறுபேச்சில்லாமல் எழுந்துவிடுங்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகளும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குகளும் மூடிய அறையில் நடப்பவை. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பாதிக்கப்பட்டவர் இன்னார் என்று தெரியும்படி எழுதுவது குற்றம். செல்போனை அணைத்துவிடுங்கள், நோட்டும் பேனாவும் போதும்.

சரி, எதைக் குறிப்பது? புதிதாகப் போகிறவர்கள் வக்கீல்களின் வாதத்தில் லயித்துவிடுவார்கள். நான் வாய்தாவை, அதாவது வழக்கு வேறு தேதிக்குத் தள்ளிப்போவதைக் கவனிக்கச் சொல்வேன். காலையில் வழக்குகளை வரிசையாகக் கூப்பிடும்போது கோர்ட் ஊழியரான டவாலி பெயரைக் கூப்பிடுவார், வக்கீல் எழுந்து ஏதோ சொல்வார், அடுத்த தேதி விழும். எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் வாய்தா கேட்டது யார், என்ன காரணம் சொன்னார், சாட்சி வந்து காத்திருந்தாரா, அடுத்த தேதி என்ன என்று எழுதிவிட வேண்டும். வந்திருக்கும் சாட்சியை விசாரிக்காமல் தள்ளிவைத்தால் சிறப்புக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது அதே சன்ஹிதாவின் 346-வது பிரிவு. அன்றைய கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்த சாட்சி சும்மா திரும்பிப் போவதை யாராவது கணக்கெடுக்கத்தான் வேண்டும்.

அப்புறம் ரிமாண்ட், அதாவது கைதானவரைக் காவலில் வைக்க நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவிடுவது. அடித்தார்களா, வக்கீல் இருக்கிறாரா என்று கைதானவரிடம் நடுவர் கேட்டாரா, உடம்பில் காயம் தெரிந்ததா என்று பாருங்கள். 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் ரிமாண்ட் ஆன பிறகுதான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சில நாளில் இருவருமே உயிரோடு இல்லை. அந்தச் சில நிமிடங்கள் அவ்வளவு முக்கியம். சில ரிமாண்டுகள் நடுவரின் வீட்டில் நடப்பதால் எல்லாமே உங்கள் கண்ணில் படாது.

அவமதிப்பு பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, நடந்ததை நேர்மையாகவும் துல்லியமாகவும் எழுதுவதைக் காக்கிறது. ‘நீதிபதி 11.40-க்கு இருக்கையில் அமர்ந்தார்’ என்று எழுதுங்கள். ‘நீதிபதிக்கு அக்கறையில்லை’ என்று எழுதாதீர்கள். அது உங்கள் ஊகம். நடந்துகொண்டிருக்கும் வழக்கில் யார் குற்றவாளி என்ற பேச்சே கூடாது. வெளியிடும் முன், வழக்கு விவரங்கள் வெளியாகும் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அன்றைய பதிவைப் பார்த்து ஒப்பிடுங்கள். நீங்கள் கண்டதும் அதில் இருப்பதும் வேறுபட்டால் இரண்டையும் அப்படியே போடுங்கள்.