கொண்டை ஊசி வளைவில் டியூப் ஆம்ப்

வாசகர் கேள்விகளுக்கு, குன்னூரில் ஆம்ப், ஸ்பீக்கர் பழுது பார்ப்பவரின் பதில்கள்

கேள்வி: அண்ணா, படுகர் கல்யாணம், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி, சீசன் சமயத்தில் ரிசார்ட் மேடை என்று எங்கள் குழு வேனிலேயே மேட்டுப்பாளையம், கோவை, மைசூர் வரை போகிறது. காசு சேர்த்து, சின்னக் கம்பெனி கையால் வயரிங் செய்த பூட்டிக் டியூப் ஆம்ப் ஒன்று வாங்கப் போகிறேன். மேட்ச்லெஸ் டிசி-30, டாக்டர் இசட் மாஸ் 18 இரண்டும் செகண்ட் ஹேண்டில் வருகின்றன. ஊர் ஊராகப் போக எது தாங்கும்?
– கிடார் வாசிப்பவர், கோத்தகிரி

பதில்: தம்பி, தொனியைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. அது உங்கள் காது, உங்கள் காசு. தாங்குமா என்று கேட்டதால் சொல்கிறேன்: மாஸ் 18.

முதல் காரணம் ஒரே ஒரு வால்வு, அதாவது டியூப். டிசி-30-இன் ஒரு சேனலில் இஎஃப்86 இருக்கிறது. அருமையான வால்வு, ஆனால் குலுக்கல் ஆகாது. உள்ளே கம்பி தளர்ந்தால் பெட்டியின் அதிர்வையே மைக் போலப் பிடித்து ஊளையிடும். வாக்ஸ் கம்பெனியே தன் ஆரம்பகால ஏசி30 ஆம்பில் இதைப் போட்டுவிட்டு, தொல்லை தாங்காமல் ஈசிசி83 என்ற வால்வுக்கு மாறியது. அவர்கள் நம் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்ததுகூட இல்லை! இரண்டாவது, எடை. இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டியைக் கல்யாண வீட்டுப் படிகளில் யார் தூக்குவது? வாட்ஸ் குறைகிறதே என்று கவலைப்படாதீர்கள். 18-க்கும் 30-க்கும் நடுவே 2 டெசிபல் சொச்சம்தான். எப்படியும் மைக் வைத்துத்தானே மேடையில் வாசிக்கப் போகிறீர்கள்.

ஆனால் பெயரை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். விற்பவரைப் பின்பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே கை வைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். கண்ணால் பார்த்தால் போதும். வால்வு சாக்கெட் உலோகச் சேசிஸில் (உள் சட்டத்தில்) திருகியிருக்கிறதா? பெரிய கெப்பாசிட்டர்கள் வெறும் காலில் தொங்காமல் கட்டப்பட்டிருக்கின்றனவா? கையால் வயரிங் செய்தது என்றாலே உறுதி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. என் பட்டறைக்கு வருபவற்றில் பெரும்பாலும் வால்வு போயிருக்காது. ஜாக் ஆடியிருக்கும், சால்டர் விட்டிருக்கும். ஒழுங்காகச் செய்த பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் பலகை) ஆம்ப், அலங்கோலமாகக் கட்டிய கைவேலையைவிட எவ்வளவோ மேல். கைவேலையின் உண்மையான லாபம் வேறு: எந்த ஊரில் நின்றாலும், வால்வு ரேடியோ பழகிய ஒருவர் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து சரி செய்துவிடலாம்.

அப்புறம் கரண்ட். அமெரிக்காவில் விற்ற பெட்டி என்றால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230, 50. பின்னால் எழுதியிருப்பதைப் படிக்காமல் பிளக்கைச் சொருகினால் ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்கு மட்டும் கணக்காகச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் அதிகம் சூடாகும். எஸ்டேட் லைன், கல்யாண வீட்டு ஜெனரேட்டர் இரண்டையும் நம்பக் கூடாது. நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று வேனிலேயே கிடக்கட்டும். ஹம் என்கிற இரைச்சல் வருகிறது என்று எர்த் பின்னை ஒடிக்கிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. ஒரு கை கிடார் கம்பியில் இருக்க, உதடு மைக்கைத் தொட்டால் உயிரே போகலாம்.

ஒன்று விட்டுப்போச்சு. ராத்திரி முழுக்கப் பனியில் வேனில் கிடந்த ஆம்ப், ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள் வந்ததும் வேர்க்கும். அரை மணி நேரமாவது திறந்து வைத்து, காய்ந்த பிறகு ஸ்விட்ச் போடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் ரேடியோ சாமான்களில் பிரிக்காத பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) ஈஎல்84 வால்வுகள் இருந்தன. என் ஆம்பில் போடலாமா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: ஈஎல்84 போடுகிற ஆம்ப் என்றால் தாராளமாக. பெங்களூரு பெல் அந்தக் காலத்தில் நல்ல வால்வுகள் செய்தது. வால்வு டெஸ்டரில் பார்த்து, ஒத்த ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள். வால்வில் ஓடும் கரண்டைத் தானே சரிசெய்துகொள்ளும் கேத்தோட் பயாஸ் ஆம்ப் என்றால் தனியாகப் பயாஸ் வைக்கும் வேலையும் இல்லை. தீர்ந்துபோனால் ஸ்லோவாகியாவின் ஜேஜே இன்றும் செய்கிறது. வால்வை பென்சிலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் மணி அடித்தால் ஓரம் வைத்துவிடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு டியூப் ஆம்பை ஓட்டலாமா?
– மாணவர், ஊட்டி

பதில்: கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகும், அதன் விலையைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரே தேவலை என்று தோன்றும். சத்தம் வேண்டாம் என்றால் ஆம்பின் ஓமுக்கும் வாட்ஸுக்கும் பொருந்துகிற லோட் பாக்ஸ் வாங்குங்கள்; ஸ்பீக்கருக்குப் பதிலாக அது பவரை வாங்கிக்கொள்ளும்.