பழைய மோட்டார்ஹோமில் டேஷ்போர்டு லைட் எரியவில்லை: மீட்டர் போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். பட்டறைக்காரர் சொல்கிறார் என்று மீட்டர் போர்டுக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள்.

நீங்கள் எழுதியது இது: 1980களின் செவ்ரோலெ பி30 சேசிஸ் மேல் வீடு போலப் பாடி கட்டிய மோட்டார்ஹோம், அமெரிக்காவில் இரண்டாம் கையாக வாங்கியது. இரவில் ஹெட்லைட் போட்டால் மீட்டர் போர்டு இருட்டாகவே இருக்கிறது. சில நாள் தானாக எரிகிறது. இதில் ஒரு விஷயம் தெளிவு. எல்லா பல்பும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிந்தால் கோளாறு பல்பில் இருக்க முடியாது. அவற்றுக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள பொதுவான இடத்தில் இருக்கிறது. அந்த வண்டியில் அப்படிப்பட்ட இடங்கள் டெயில் லைட் ஃபியூஸ், ஹெட்லைட் ஸ்விட்ச், 5 ஆம்பியர் ஃபியூஸ், கருப்பு எர்த் ஒயர் ஆகியவைதான். மீட்டர் போர்டைக் கழற்றாமலே நான்கையும் சோதிக்கலாம். தேவையான சாமான் ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு சாதாரண மல்டிமீட்டர், இரண்டு மீட்டர் ஒயர், அவ்வளவே.

கரண்ட் போகும் வழியை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டெயில் லைட்டுக்கான 20 ஆம்பியர் ஃபியூஸிலிருந்து ஹெட்லைட் ஸ்விட்சுக்குள் வருகிறது. அங்கே ஒரு கிளை பிரவுன் ஒயரில் பின்பக்க விளக்குகளுக்குப் போகிறது. இன்னொரு கிளை அதே ஸ்விட்சின் முதுகில் இருக்கும் ரியோஸ்டாட் வழியாக, அதாவது குமிழைத் திருகினால் வெளிச்சம் கூடிக் குறையும் அந்தச் சுருள் வழியாக, கரும்பச்சை ஒயரில் ஃபியூஸ் பெட்டிக்குத் திரும்புகிறது. அங்கே 5 ஆம்பியர் ஃபியூஸைக் கடந்து கிரே ஒயராக மீட்டர் போர்டுக்கு வருகிறது. பல்புகளைக் கடந்து கருப்பு ஒயரில் எர்த் ஆகிறது. ஃபோர்டு ஈ350 சேசிஸில் கட்டிய மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் 'என் வண்டியில் கிரே ஒயரே இல்லையே' என்று கேட்கலாம். ஃபோர்டில் அந்த வேலையைச் செய்வது இளநீலத்தில் சிவப்புக் கோடு போட்ட ஒயர். நிறம்தான் வேறு, சோதிக்கும் வரிசை ஏறக்குறைய இதேதான்.

ஆகவே சோதனை டேஷ்போர்டில் தொடங்குவதில்லை, வண்டியின் பின்பக்கத்தில் தொடங்குகிறது. ஹெட்லைட் ஸ்விட்சை ஒரு கட்டம் மட்டும் இழுத்து வைத்துவிட்டு இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். டெயில் லைட், பக்கவாட்டு விளக்கு, கூரையோர விளக்கு எல்லாம் எரிகிறதா? ஒன்றும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் 20 ஆம்பியர் ஃபியூஸ் போயிருக்கும். மீட்டர் போர்டு இருண்டதற்கும் அதுவே காரணம். புது ஃபியூஸ் போட்டு அதுவும் உடனே போனால் ஷார்ட் பின்னால் எங்கோ இருக்கிறது. தயவுசெய்து 30 ஆம்பியர் போட்டுப் பார்க்காதீர்கள். ஃபியூஸ் தாங்கிவிடும், ஒயர் தாங்காது. அந்த ஒயர் ஓடுவது பிளைவுட்டுக்கும் ஃபைபருக்கும் நடுவே.

ஷார்ட்டைத் தேட, ஃபியூஸ் இருந்த இடத்தில் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை இரண்டு ஒயரில் கோத்து மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அது முழு வெளிச்சத்தில் எரியும், வண்டி விளக்கு எதுவும் எரியாது. பின்னால் போய்க் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். குற்றவாளிக் கிளை விலகியதும் அந்தப் பல்பு மங்கும். டெயில் பல்புகளையும் 5 ஆம்பியர் ஃபியூஸையும் முன்பே எடுத்து வைத்திருந்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். முதலில் பார்க்க வேண்டியது டிரெய்லர் சாக்கெட். சாலைத் தண்ணீரும் உப்பும் போய்ப் பின்கள் பச்சை பூத்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அடுத்தது கூரை விளக்குகள். அடியில் தண்ணீர் புகாமல் அடைத்த பசை வெடித்தால் மழைநீர் நேராக ஹோல்டருக்குள் இறங்கும். மூன்றாவது, பின் ஆக்ஸிலைத் தாண்டும் இடத்தில் சேசிஸ் விளிம்பில் உரசும் ஒயர்க் கட்டு.

வெளி விளக்குகள் எல்லாம் எரிந்து, மீட்டர் போர்டு மட்டும் இருட்டு என்றால் (உங்கள் கேள்வியைப் படித்தால் இப்படித்தான் தோன்றுகிறது) ஃபியூஸ் பெட்டிக்கு வாருங்கள். ரியோஸ்டாட் குமிழை அதிக வெளிச்சத்துக்குத் திருகி வையுங்கள். உள்விளக்கு எரியும் 'கிளிக்'குக்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். இதைச் செய்யாமல் சோதித்தால் குறைந்த வோல்டேஜைப் பார்த்துவிட்டு இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். டெஸ்ட் லேம்பின் கிளிப்பை நல்ல இரும்பில் கவ்வவிட்டு, வெளிர்பழுப்பு நிற 5 ஆம்பியர் ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு சிறு துளைகளையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் எரிந்தால் ஸ்விட்ச் நல்லது, கோளாறு மீட்டர் போர்டு பக்கம். இரண்டு பக்கமும் எரியாவிட்டால் ரியோஸ்டாட்.

விட்டு விட்டு எரிவது ரியோஸ்டாட்டின் குணம். பீங்கான் மேல் சுற்றிய கம்பியில் ஒரு தகடு உராய்ந்து நகர்கிறது. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் கம்பி கறுத்துவிடும். குமிழை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இருபது முறை வேகமாகத் திருகுங்கள். எரிந்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது, ஆனால் சரியாகிவிட்டதாக எண்ண வேண்டாம். சில வாரத்தில் திரும்ப வரும்.

ஸ்விட்சைக் கழற்ற பாட்டரியின் நெகட்டிவை முதலில் விடுவியுங்கள். குமிழை முழுவதும் இழுத்து வைத்து, டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு ஸ்விட்ச் உடம்பில் உள்ள சிறிய ஸ்பிரிங் பொத்தானை அழுத்தினால் குமிழ் தண்டோடு வெளியே வந்துவிடும். பிறகு முன்பக்க நட்டு. தண்டை பிளையர் போட்டு இழுத்து உடைப்பவர்கள் உண்டு, அந்தப் பொத்தானைத் தெரியாததால்.

கையில் வந்ததும் ஸ்விட்சை விட அதன் பிளக்கைக் கவனமாகப் பாருங்கள். பிரவுன் ஒயர் நுழையும் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் தேன்நிறமாக மாறி, ஓரம் உருகி வழிந்திருக்கும். உள்ளே இருக்கும் பித்தளை முனை பளபளப்பு போய் ஊதா கலந்த கறுப்பாக இருக்கும். விரலால் ஆட்டினால் ஆடும். இப்படி இருந்தால் புது ஸ்விட்ச் மட்டும் போட்டுப் பயனில்லை, அதுவும் அதே இடத்தில் வெந்துவிடும். காரணம் எளிது. அமெரிக்க விதிப்படி 80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள வண்டிக்கு முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து கூரையோர விளக்குகள் கட்டாயம். ஒன்றுக்கு 0.27 ஆம்பியர் என்றாலும் பத்துக்கு 2.7 ஆம்பியர். அது போக டெயில் லைட், பக்கவாட்டு விளக்கு, பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் காரின் விளக்கு என எல்லா பாரமும் அந்த ஒரே முனை வழியாகப் போகிறது. முனை கொஞ்சம் தளர்ந்தாலும் சூடு, சூடானால் இன்னும் தளர்வு.

இதற்குத் தீர்வு 30 ஆம்பியர் ரிலே ஒன்று, அதாவது சிறு கரண்ட்டைக் கொண்டு பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச். அதன் முனைகளில் 30, 85, 86, 87 என்று எண் இருக்கும். ஸ்விட்சிலிருந்து வரும் பிரவுன் ஒயரை வெட்டி, ஸ்விட்ச் பக்கத்தை ரிலேயின் 86ஆம் முனையில் கொடுங்கள். 85ஐ எர்த் செய்யுங்கள். பாட்டரியிலிருந்து 12 கேஜ் ஒயரை, பாட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, 30ஆம் முனைக்குக் கொண்டுவாருங்கள். 87இலிருந்து பின்பக்க பிரவுன் ஒயர். பாட்டரி என்றால் இன்ஜின் பாட்டரி. வீட்டுப் பகுதிக்கான பாட்டரியில் கொடுத்துவிடாதீர்கள். உருகிய பிளக்குக்கு ஒயரோடு சேர்ந்த மாற்று பிளக் உதிரிபாகக் கடைகளிலேயே கிடைக்கிறது. ரியோஸ்டாட்டுக்குப் போகும் கிளை ஸ்விட்சுக்குள்ளேயே பிரிவதால் அதைத் தொட வேண்டியதில்லை.

ஃபியூஸின் இரண்டு பக்கமும் கரண்ட் இருந்தும் மீட்டர் போர்டு எரியவில்லை என்றால் அடுத்த சந்தேகம் எர்த். காரில் டேஷ்போர்டுக்குப் பின்னால் எங்கும் இரும்பு. இந்த வண்டிகளில் ஃபைபர் முகப்பு, மரச் சட்டம், பிளாஸ்டிக் மீட்டர் போர்டு. ஒரே ஒரு கருப்பு ஒயர்தான் அத்தனைக்கும் திரும்பும் வழி. அது கெட்டிருப்பதற்கான அறிகுறி: இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் போர்டு வெளிச்சமும் கூடவே துடிக்கும், ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் நகரும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கருப்பு முனையைப் பாட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை மீட்டர் போர்டின் கருப்பு ஒயரிலும் வையுங்கள். விளக்கு ஸ்விட்ச் போட்ட நிலையில்தான் அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஏற ஏற எர்த் மோசம். 14 கேஜ் ஒயர் ஒன்றை அங்கிருந்து நேராகச் சேசிஸ் இரும்புக்கு இழுங்கள். இரும்பில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். இந்த வேலைக்குச் செலவு மிகக் குறைவு. பழைய மோட்டார்ஹோம் வாங்கிய யாரும் கோளாறு வருமுன்பே இதைச் செய்துவிடலாம் என்பது என் கருத்து.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் மீட்டர் போர்டைக் கழற்ற வேண்டும். ஸ்பீடாமீட்டர் கேபிள் உள்ள வண்டியில் பின்னால் கைவிட்டு கிளிப்பை விடுவித்த பிறகே இழுக்க வேண்டும். முதுகில் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செப்புக் கோடுகள் ஓடும். கால் சுற்று திருகினால் பல்பு ஹோல்டர்கள் வெளியே வரும். பெரும்பாலானவை 194 எண் பல்பு. கடையில் 168 கொடுத்தாலும் பொருந்தும், கொஞ்சம் கூடுதல் வெளிச்சமும் தரும். ஆனால் அது 0.35 ஆம்பியர், கூடவே சூடும் அதிகம். அந்தத் தாளுக்கு நல்லதல்ல. ஹோல்டரின் செப்பு நாக்குகளைச் சற்றே தூக்கிவிட்டு, தாளில் அவை உட்காரும் வட்டத்தைப் பென்சில் ரப்பரால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், செப்பே போய்விடும். கோடு அறுந்திருந்தால் தாளின் மேல் நீண்ட நேரம் சால்டரிங் அயர்ன் வைக்காதீர்கள், சுருங்கிவிடும். ஹோல்டரிலிருந்து ஹோல்டருக்கு மெல்லிய ஒயர் ஒன்றை இணைப்பதே நிற்கும்.

எல்இடி போட்டால் எல்லாம் தீரும் என்று சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். வெளிச்சத்துக்குப் போடுங்கள், தவறில்லை. திருப்பிப் போட்டால் எரியாது, ரியோஸ்டாட்டில் மங்கல் சரியாக வராது, அவ்வளவே. ஆனால் சார்ஜ் எச்சரிக்கை விளக்கில் எல்இடி போடவே வேண்டாம். இந்த வண்டிகளின் ஆல்டர்னேட்டரில், அதாவது இன்ஜின் ஓடும்போது பாட்டரியை சார்ஜ் செய்யும் கருவியில், அந்த பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் சார்ஜைத் தொடங்கி வைக்கிறது. எல்இடி அந்த அளவு கரண்ட்டை விடாது. சாவி போட்டு இன்ஜின் ஓடாதபோது அந்த விளக்கு எரியவில்லையா? ஆல்டர்னேட்டரின் இரட்டை ஒயர் பிளக்கைக் கழற்றி பிரவுன் ஒயரை எர்த்தில் தொடுங்கள். எரிந்தால் பல்பும் ஒயரும் நல்லவை, கோளாறு ஆல்டர்னேட்டர் பக்கம். சாவியை எடுத்த பிறகும் மங்கலாக எரிந்தால் உள்ளே டையோடு போயிருக்கிறது. இரவோடு இரவாக பாட்டரியைத் தின்றுவிடும்.

'ஆட்டோ பார்க்' (தானியங்கிப் பார்க்கிங் பிரேக்) விளக்கு உள்ள வண்டி என்றால் அதை மட்டும் பல்பு விவகாரமாக நினைக்காதீர்கள். அந்த அமைப்பில் ஸ்பிரிங் பிரேக்கைப் பிடிக்கிறது, எண்ணெய் அழுத்தம் விடுவிக்கிறது. விளக்கு எரிந்தால் அழுத்தம் குறைகிறது என்று பொருள். ஓடும்போதே டிரைவ் ஷாஃப்ட்டில் பிரேக் பிடித்துவிடலாம். அதன் பச்சை நிறப் பிரஷர் ஸ்விட்ச் ஒழுகுவதும் கெடுவதும் இந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் அறிந்த நோய். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அடியில் போகவே கூடாது.

கேள்விக்கு வெளியே ஒன்று. சேசிஸ் செய்தவர் ஒரு கம்பெனி, பாடி கட்டியவர் வேறு கம்பெனி. சேசிஸ் புத்தகத்தில் உள்ள ஒயர் நிறம் டேஷ்போர்டு பிளக்வரை மட்டுமே செல்லும். அதற்குப் பின்னால் பாடி கட்டியவர் கையில் அன்று எந்த நிறம் இருந்ததோ அது. அந்த வரைபடத்தை வண்டியோடு கொடுக்காமலே விற்றிருக்கிறார்கள். இன்று பட்டறைக்காரர் 'மொத்தமாக மாற்று' என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஒயரைத் தேட மணிக்கணக்கில் ஆகும், அந்தக் கூலியை யாரும் கொடுக்கத் தயாராக இல்லை. அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நீங்கள் தேடிக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு சீட்டு ஒட்டி, எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதி வையுங்கள்.

5 ஆம்பியர் ஃபியூஸின் இரண்டு பக்கமும் டெஸ்ட் லேம்ப் என்ன காட்டுகிறது, கருப்பு ஒயரில் எத்தனை வோல்ட் வருகிறது, இந்த இரண்டையும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அதிலிருந்து அடுத்து எதைத் திறப்பது என்று சொல்லிவிடலாம்.