தலைப்பிரசவம்: வலி முற்றும் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு 37 வாரம் முடிந்துவிட்டது. தலைப்பிரசவம். வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்தில் தாய்வீட்டில் இருக்கிறேன். கார்த்திகையில் நாள் கொடுத்திருக்கிறார்கள். "சூட்டு வலிக்கெல்லாம் ஓடக் கூடாது, வலி நன்றாகக் கண்ட பிறகு போகலாம்" என்கிறார் அம்மா. எப்போது கிளம்ப வேண்டும்?

பதில்: அம்மா சொல்வதில் பாதி சரி. சூட்டு வலி உண்டு. அடிவயிறு இறுகும், தண்ணீர் குடித்து ஒருக்களித்துப் படுத்தால் தணியும். பிரசவ வலி எதற்கும் அடங்காது. பெரும்பாலும் இடுப்பின் பின்புறம் தொடங்கி முன்வயிற்றுக்கு வரும். நேரம் போகப்போக இடைவெளி குறையும், ஒவ்வொரு வலியும் நீளும். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எத்தனை நிமிடம் என்று குறித்து வாருங்கள்.

5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்பலாம் என்பது வழக்கமான கணக்கு. அது மருத்துவமனைக்கு அருகில் இருப்பவர்களுக்குப் பொருந்தும். அடைமழைக் காலத்தில் உங்கள் ஊரிலிருந்து புறப்படுபவர் 10 நிமிட இடைவெளி சீராக வந்ததுமே 108-ஐ அழைப்பதுதான் சரி. தலைப்பிரசவம் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் என்பது உண்மை. அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சீக்கிரம் போய், "இன்னும் நேரம் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பினால் அதில் எந்தக் குறைவும் இல்லை.

வலிக்காகக் காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே கிளம்புங்கள். நேரம் ஆக ஆக நோய்த்தொற்று ஏறும். அரிதாகத் தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிடும். உடைந்த நேரத்தையும் நீரின் நிறத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. சளிபோல் லேசாக ரத்தம் கலந்து வருவது இயல்பு. மாதவிடாய் போல் ரத்தம் போனால் ஆபத்து. குழந்தையின் அசைவு குறைவது, கடும் தலைவலி, பார்வை மங்குவது ஆகியவையும் அப்படித்தான்.

வலியை வரவழைக்க விளக்கெண்ணெய் குடிக்க வேண்டாம். வாந்தியும் பேதியுமாகச் சோர்ந்துபோவீர்கள். வலியின் தொடக்கத்தில் கஞ்சி, மோர் குடிக்கலாம்.

அடுத்த பரிசோதனையில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: "எனக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போதுமா, நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகப் போகவேண்டுமா?" ரத்தச் சோகையோ ரத்த அழுத்தமோ இருந்தால், வலியோடு இடையில் இறங்கி வண்டி மாறுவதில் பொன்னான நேரம் போய்விடும். 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்தபோது மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டதை உங்கள் ஊர் மறந்திருக்காது. புயல் எச்சரிக்கை வந்தால் வலிக்காகக் காத்திராமல் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்ந்துவிடுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கலாம். அம்மாவையே அழைத்துச் செல்லுங்கள்; இந்தப் பதிலை இப்போதே அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.