சப்ப மூக்கு நாய் எடுக்கலாமா? சேலத்துக்காரங்க கேட்டதும் நான் சொன்னதும்

அக்கா, பையன் பக் (pug) நாய்க்குட்டி வேணும்னு ஒரே அடம். அம்மாபேட்டையில மாடியில தகர ஷீட் வீடு, ஏசி இல்ல. வாங்கலாமா?

வேணாம் தம்பி. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, நாக்க தொங்கவிட்டு இரைச்சுத்தான் சூட்ட வெளிய தள்ளணும், ஆனா பக்குக்கு மூக்கு ஓட்டையும் சின்னது, உள்ள மேலண்ணத்து சதையும் நீளமா தொங்கி மூச்சுப் போற வழிய அடைக்கும், அதனால இரைக்க இரைக்க சூடு எறங்காம ஏறத்தான் செய்யும். நாயோட சாதாரண சூடே 38, 39 டிகிரி, 41 தாண்டுனா உயிருக்கே ஆபத்து. மே மாச மத்தியானம் உங்க ஷீட்டுக்கு கீழ நீங்களே உக்கார மாட்டீங்க. ஒரு நாட்டு நாய் குட்டிய எடுத்துக் குடுங்க, பையன் ரெண்டு நாள்ல பக் நாய மறந்துருவான்.

குறட்டை விடுறது சப்ப மூக்கு ஜாதிக்கு சகஜம்தானேக்கா?

நெறைய நாய்ங்க விடுது, அதுக்காக அது நல்லதுன்னு ஆயிடாது. மூச்சுக்கு போராடுற சத்தத்த அழகுன்னு வீடியோ எடுத்து போடுறத பாத்தா மனசு பதறுது. உக்காந்துக்கிட்டே தூங்குறது, சாப்டதும் கக்குறது, கொஞ்ச தூரம் நடந்ததும் படுத்துக்கறது, இதெல்லாம் இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. மூக்கு ஓட்டைய பெருசாக்க, அண்ணத்து சதைய வெட்டி சுருக்க ஆபரேஷன் இருக்கு.

ஃபேர்லேண்ட்ஸ்ல இருக்கோம், ஏசி இருக்கு. பிரெஞ்சு புல்டாக் குட்டி பாக்கப் போறோம், என்ன பாக்கணும்?

குட்டிய விட அம்மா நாயத்தான் பாக்கணும். குட்டியில மூச்சு நல்லாத்தான் இருக்கும், வளர வளரத்தான் தெரியும். அம்மாவ ஒரு மூணு நிமிஷம் வேகமா நடக்க வச்சு காத குடுத்து கேளுங்க, கொர் கொர்னு வந்தா கெளம்பி வந்துருங்க. அம்மாவ காட்ட மாட்டேன்னாலும் அதேதான். எட்டு வாரம் ஆகாத குட்டிய விக்கக் கூடாதுன்னு மத்திய அரசோட 2017 நாய் வளர்ப்பு, விற்பனை விதியே இருக்கு. இந்த ஜாதியில பாதிக்கு மேல பிரசவமே சிசேரியன்தான், அந்த அம்மா பாவம்.

ஏற்காட்டுல எஸ்டேட் வீடு, எப்பவும் குளுருதான். எங்களுக்கு பரவால்லையா?

1500 மீட்டர் உயரம், வெயில் பயம் பெருசா கொறையும். ஆனா மூக்கு அதே மூக்குதான். பனியிலயும் மழையிலயும் மொக மடிப்பு ஈரமாவே இருந்தா புண்ணு வரும், தெனமும் தொடச்சு காய விடணும். ராத்திரி மூச்சு முட்டுனா இருபது ஹேர்பின் வளைவு எறங்கி சேலம் வரணும், அத யோசிச்சுக்கோங்க.

தெரிஞ்சவங்க நாலு வயசு பக் நாய சும்மா தர்றாங்க. எடுக்கலாமா?

வீடு குளுமையா இருந்து, பகல்ல ஆளும் இருந்தா தாராளமா எடுங்கம்மா. வளந்த நாய்ன்னா அதோட மூச்சு எப்படின்னு முன்னாடியே தெரிஞ்சிரும், புதுசா ஒரு குட்டிய பொறக்க வைக்கவும் நம்ம காசு போகாது. எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு டாக்டர்கிட்ட மூச்சு, கண்ணு, எடை மூணும் பாத்துருங்க. கண்ணு வெளிய பிதுங்கி இருக்கறதால சின்ன கீறலே புண்ணாயிரும். குண்டா இருந்தா மொத வேல எடைய கொறைக்கறது, அதுலயே மூச்சு எவ்வளவோ லேசாகும். கழுத்துப் பட்டை வேணாம், நெஞ்ச சுத்தி மாட்டுற ஹார்னஸ் போடுங்க.

இந்த நாய்ங்கள அரசாங்கமே தடை பண்ணிருச்சாமே?

2024ல தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில, நம்ம வெயிலுக்கு ஒத்துவராதுன்னு சொன்ன பட்டியல்ல பக்கும் பிரெஞ்சு புல்டாக்கும் இருந்துச்சு. அது கோர்ட்டுக்கு போச்சு. சட்டம் எப்படியோ, வெயில் மாறல.

ஏற்கனவே வாங்கியாச்சு. வெயில்ல சுருண்டு விழுந்தா என்ன பண்றது?

மொதல்ல அங்கேயே குளுத்துங்க, அப்பறம்தான் ஆஸ்பத்திரி. நிழலுக்கு தூக்கிட்டு போய் உடம்பு பூரா பச்சத் தண்ணி ஊத்தி ஃபேன போடுங்க. மயக்கத்துல இருக்கப்ப வாயில தண்ணி ஊத்தாதீங்க, பொரை ஏறிரும். ஈரத் துணிய போட்டு மூடவும் வேணாம். அப்படியே ஏசி காருல டாக்டர்கிட்ட கெளம்புங்க, எந்திரிச்சு நடந்தாலும் காட்டாம விட்ராதீங்க, உள்ள கிட்னி அடி வாங்குனது வெளிய தெரியாது.